வீடு வாங்குமுன் மலத்தொட்டியை ஆராய்தல்
பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களை முன்னிட்டு

வீடு வாங்க முன்வரும் ஒருவர் எவற்றையெல்லாம் ஆராய்கிறார் என்பதைச் சற்றுக் கவனிப்போம். ஆதாரத்தை வழக்கறிஞரிடம் காட்டுகிறார். பட்டயம் செல்லுபடியாகுமா என்று வில்லேஜ் அலுவலகத்தில் விசாரிக்கிறார். வில்லங்கச் சான்று பெறுகிறார். சுவரில் வெடிப்பு உண்டா, கூரை ஒழுகுமா, கோடையில் கிணறு வற்றுமா என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்கிறார். வாசல் எத்திசை நோக்குகிறது என்பதைப் பார்த்துச் சொல்லவும் ஒருவர் கிடைத்துவிடுகிறார். ஆனால் அவ்வீட்டின் மலக்கழிவு எங்கே போகிறது என்பதைப் பற்றி அவர் கேட்பது ஒரே கேள்வி. “செப்டிக் டேங்க் இருக்கிறதா?” “இருக்கிறது.” அத்துடன் அப்பேச்சு முடிந்துவிடுகிறது.

இவ்விடை பொய்யென்று கூறுவதற்கில்லை. ஆனால் நம் மக்கள் ‘செப்டிக் டேங்க்’ என்று ஒரே பெயரால் அழைப்பவை உண்மையில் மூன்று வெவ்வேறு அமைப்புகள். அடியும் சுவரும் நீர் கசியாதபடி பூசப்பெற்று, வெளியேறும் நீருக்குத் தனியே உறிஞ்சு குழியும் உடையது ஒன்று. இதுவே முறையான மலத்தொட்டி. மூன்று பக்கமும் நான்காம் பக்கமும் கட்டி, மேலே சிலாப் போட்டு மூடி, அடித்தளத்தை மட்டும் வெறும் மண்ணாக விட்டுவிட்டது மற்றொன்று. துளையிட்ட சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய வெறும் குழி மூன்றாவது. மேலிருந்து நோக்கினால் மூன்றும் ஒரே சிலாப்தான். முதலாவது மலத்தைத் தேக்கிச் செரிக்கச் செய்கிறது. மற்ற இரண்டும் அதை நேரே மண்ணுக்குள் விடுகின்றன. அந்த மண்ணில் பதினைந்தடி தள்ளிக் குடிநீர்க் கிணறு இருக்குமாயின், இவ்வேறுபாடு சொற்பமானதன்று.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். ஆயினும் இரண்டும் தமிழ்நாட்டு எல்லையில் அமைந்தவை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய ஊர்களிலும், மூணாறு, மறையூர், உடும்பன்சோலை, வண்டிப்பெரியாறு, குமுளி ஆகிய இடங்களிலும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினர். மலைத்தோட்டங்களில் முப்பது நாற்பது ஆண்டுகள் லயங்களில் குடியிருந்து உழைத்தவர்கள், ஓய்வு பெறுங்கால் கிடைக்கும் சேமநிதியையும் பணிக்கொடையையும் சேர்த்து மூன்று சென்டு, ஐந்து சென்டு நிலத்தில் ஒரு பழைய வீட்டை வாங்குகின்றனர். அவர்களுக்கு அது வாழ்நாளில் முதல் வீடு. பெரும்பாலும் கடைசி வீடும் அதுவே. வாங்கியபின் தொட்டி பழுது என்று தெரிந்தால் அதனை மாற்றுவதற்குக் கையில் பணமும் இராது, நிலத்தில் இடமும் இராது. இத்தகையோர்க்கு ஊரில் ஆலோசனை கூறத் தக்கவர்கள் களப்பணியாளர்களும் ஆசிரியர்களுமே ஆதலின், அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சிலவற்றை இங்கே விரித்துரைப்போம்.

தொட்டி செய்வதும் மண் செய்வதும்

மலத்தொட்டி ஒரு பழைய கண்டுபிடிப்பு. பிரான்சு நாட்டில் வெசூல் என்னும் ஊரில் 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ழான் லூயி மூரா என்பவர் காற்றுப் புகாத தொட்டி ஒன்றை அமைத்தார். அதற்கு 1881இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் எக்சிட்டர் நகரப் பொறியாளர் டொனால்டு காமரான் 1895இல் ஒரு தொட்டியைக் கட்டி, ‘செப்டிக்’ என்னும் பெயரை அதற்குச் சூட்டினார். அழுகச் செய்வது என்பது அச்சொல்லின் பொருள். நம் நாட்டிலும் இச்செய்தி விரைவிலேயே பரவியது. பம்பாய் மாட்டுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் இத்தகைய தொட்டியிலிருந்து எழுந்த எரிவாயுவை 1897 அளவிலேயே பயன்படுத்தினர்.

தொட்டிக்குள் நிகழ்வது எளிதில் விளங்கக்கூடியது. கனமான பொருள்கள் அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கின்றன. இடையில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. பிராணவாயு இன்றி வாழும் நுண்ணுயிர்கள் கசடைச் சிறிது சிறிதாகச் செரித்து மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றை வெளிவிடுகின்றன. தொட்டிக்குள் புதிதாக நீர் வருந்தோறும், அதே அளவு நீர் மறுமுனைக் குழாய் வழியே வெளியேறுகிறது. வெளியேறும் அந்நீர் தெளிவாகத் தோன்றினும் தூய்மையானதன்று. டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகளிற் பெரும்பகுதி அதில் உயிரோடு இருக்கும். அவற்றை அழிக்கும் பணி தொட்டியினுடையதன்று. தொட்டிக்கு அப்பாலுள்ள மண்ணினுடையது. ஈரம் முழுதும் நிறையாத, காற்றோட்டமுள்ள மண் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தடிப்பேனும் இருந்தால், நீர் மெல்லக் கசிந்து இறங்கும்போது கிருமிகள் வடிகட்டப்பட்டும் மண்துகள்களில் ஒட்டியும் அழிகின்றன. ஆகவே வீடு வாங்குபவர் தொட்டியை மட்டும் பார்ப்பது பாதிப் பரிசோதனையே. மண்ணையும் அவர் பார்த்தாக வேண்டும்.

மண்ணை நம்பி ஏமாந்ததற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1854இல் லண்டன் பிராட் தெருவில் வாந்திபேதி பரவி நூற்றுக்கணக்கானோர் மாண்டபோது, அத்தெருக் குழாய்க் கிணற்று நீரே காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காட்டினார். பின்னர் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது, அருகிலிருந்த வீட்டின் மலக்குழி கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைவான தொலைவில் இருந்ததும், அதன் செங்கற் சுவர் சிதைந்து மலநீர் கிணற்றுப் பக்கம் கசிந்திருந்ததும் தெரியவந்தன. குழிக்குச் சொந்தக்காரர் கிணற்றுக்குத் தீங்கு செய்ய எண்ணியவரல்லர். மேலே தரை சமமாகவும் சுத்தமாகவும் இருந்தது. அவ்வளவே அவருக்குத் தெரியும்.

இரண்டு நிலங்கள்

கேரளத்தில் திருவனந்தபுரம், கொச்சி முதலிய சில நகரங்களின் சில பகுதிகள் நீங்கலாகப் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு கழிப்பறை உண்டு. 2016இல் கிராமப்புறங்கள் திறந்தவெளியில் மலங்கழிக்கும் வழக்கம் நீங்கியவை என அறிவிக்கப்பெற்றன. அதேபோல் வீட்டுக்கு வீடு கிணறும் உண்டு. கடற்கரைப் பகுதியில் சதுரக் கிலோமீட்டருக்குச் சுமார் 200, இடைநிலத்தில் 150, மலைநாட்டில் 70 கிணறுகள் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. கிணறும் மலக்குழியும் இவ்வளவு நெருங்கி அமைந்த நாடு உலகில் அரிது. இக்கிணறுகளின் நீரில் மலவழிக் கிருமிகள் காணப்படுதல் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளது. 2024இல் மாநிலத்தின் பல மாவட்டங்களில் ஏ வகைக் கல்லீரல் அழற்சி பரவிற்று. அதைத்தான் நாம் மஞ்சள் காமாலை என்று கூறிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோம். நோயாளிக்கு மருந்து தேடும் வீட்டார் தம் கிணற்றை எட்டிப் பார்ப்பது அருமையாகவே இருக்கிறது.

சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி கேரளம் என்றதும் நம் மனத்தில் தோன்றும் பசுமையான நாடன்று. மாநிலத்தின் சராசரி மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். இங்கோ அதிற் பாதியும் பெய்வதில்லை. மேலே மெல்லிய செம்மண். சில ஊர்களில் கரிசல். அதன்கீழ்ச் சிதைந்த பாறை. அதற்கும்கீழ் வெடிப்புகள் ஓடும் கடின நைஸ் பாறை. இந்நிலத்தில் மலத்தொட்டிக்கு இரண்டு இடர்கள் உண்டு. ஆழம் குறைந்த மண்ணில் தோண்டிய உறிஞ்சு குழியின் அடி நேரே பாறை வெடிப்பில் போய் முடியலாம். அப்போது கழிவுநீர் மண்ணால் வடிகட்டப்படாமல், வாய்க்காலில் ஓடுவதுபோல் வெடிப்பின் வழியே ஓடிப் பக்கத்துக் கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ அடைகிறது. வீட்டுக்காரரோ, “எங்கள் குழி நிரம்பியதே இல்லை, இருபது ஆண்டுகளாக லாரி கூப்பிட்டதில்லை” என்று பெருமையாகக் கூறுவார். வாங்குபவர் அஞ்ச வேண்டிய சொல் அது. நிரம்பாத குழியின் நீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். மற்றோரிடர் கரிசலுக்கு உரியது. கோடையில் பாளம்பாளமாக வெடித்து நீரை விழுங்கும் அதே மண், மழை பெய்து ஊறியதும் உப்பிப் புழைகளை அடைத்துக்கொண்டு ஒரு சொட்டையும் ஏற்க மறுக்கும்.

ஆழ்துளைக் கிணறு ஆழமானது, ஆகவே பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அப்பக்கத்தில் பரவலாக இருக்கிறது. இரும்பு அல்லது பிளாஸ்டிக் உறைக்குழாய் சிதைந்த பாறை மட்டத்தோடு நின்றுவிடுவதே வழக்கம். உறைக்குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டால் அடைக்காமல் விட்டிருந்தால், மேற்பரப்பு நீர் அதன் ஓரமாகவே கீழிறங்கும். எனவே முந்நூறடி ஆழமென்பது தனியே ஒரு காப்பு ஆகாது.

இடுக்கியில் நிலைமை வேறு. அங்கே மண்ணின் ஆழத்தைவிடச் சரிவே முதன்மையான செய்தி. மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி வீடுகள் கட்டியிருப்பதால், மேல்வீட்டின் உறிஞ்சு குழி கீழ்வீட்டின் பின்சுவருக்கு நேர்மேலே நிற்கும். குழியில் இறங்கும் நீர் செங்குத்தாகச் செல்வதில்லை. இறுகிய மண்ணடுக்கோ பாறையோ குறுக்கிட்டதும் சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து, வெட்டிய மண்சுவரில் ஊற்றுப்போல் வெளிப்படுகிறது. ஆகையால் மலையில் வீடு பார்க்கச் செல்பவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தால் மட்டும் போதாது. கீழ்ப்படியில் இறங்கி நின்று அண்ணாந்து நோக்க வேண்டும். காப்புச் சுவரின் துளைகளில் கறுத்த கறை, மாசி பங்குனியிலும் வாடாத ஒரு பச்சைத் திட்டு, அழுகல் நாற்றம் ஆகியவை குழி எங்கே கசிகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். மேல்வீட்டின் குழியால் தம் வீட்டுக்கு என்ன நேரும் என்பதையும் அவ்வாறே மேலேறிப் பார்த்தறிய வேண்டும். சரிவுக்குள் இடைவிடாது இறங்கும் நீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்தும் என்பதும் மறக்கத் தக்கதன்று. 2018 மழையில் இடுக்கியில் நிகழ்ந்த எண்ணற்ற மண்சரிவுகளைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வெட்டுச் சரிவின் விளிம்பில் உறிஞ்சு குழி உள்ள வீட்டை, விலை எவ்வளவு குறைவாயினும் வாங்காதிருப்பதே நலம் என்பது என் கருத்து.

குளிரும் ஒரு காரணி. மூணாறு கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உள்ளது. தாழ்ந்த வெப்பத்தில் நுண்ணுயிர்களின் செரிப்பு மந்தப்படுவதால் கசடு விரைவில் சேர்கிறது. சமவெளியைக் காட்டிலும் அடிக்கடி அகற்ற நேரிடும். அகற்றும் லாரி தொட்டியை எட்டுமா என்பதும் அங்கே தனிக் கேள்வி. உறிஞ்சு பம்பு கசடைத் தானே இழுப்பதில்லை; வெளிக்காற்றின் அழுத்தமே அதனைக் குழாய்க்குள் தள்ளுகிறது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் கூறியிருப்பார்கள். கடல்மட்டத்தில் அவ்வழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு நீரைத் தாங்கும். 1,500 மீட்டர் உயரத்தில் 8½ மீட்டரளவே தாங்கும். குழாயின் உராய்வும் கசடின் தடிப்பும் சேர்ந்தால் நடைமுறையில் இன்னும் வெகுவாகக் குறைந்துவிடும். சாலைக்கு மிகத் தாழ்வாக, பள்ளத்தில் கட்டிய வீட்டின் தொட்டியை லாரி எவ்வளவு முயன்றாலும் காலி செய்ய இயலாது. கடைசியாக எப்போது, எந்த வழியாக லாரி வந்தது என்று கேட்டால் இதற்கு விடை கிடைத்துவிடும்.

பார்க்கும் முறை

முதலில் காகிதம். 2011இலும் பின்னர் 2019இலும் கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள் வெளியாயின. அக்காலத்துக்குப் பின் முறையாக அனுமதி பெற்றுக் கட்டிய வீடாயின், பஞ்சாயத்தில் கொடுத்த வரைபடத்தில் தொட்டியும் கிணறும் குறிக்கப்பட்டிருக்கும். வரைபடமும் குறிப்புகளும் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்குமாதலால், தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு அதை வாசித்துக் காட்டுவது ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய உதவி. வரைபடத்தில் உள்ளது நிலத்தில் இருக்கிறதா என்பதை நாடாவால் அளந்து பார்க்க வேண்டும். பழைய வீடுகளுக்கு வரைபடமே இராது. கட்டிய கொத்தனார் உயிரோடிருந்தால் அவரே வரைபடம்.

தொலைவு பற்றி இரண்டு எண்கள் வழக்கில் உள்ளன. குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் மலக்குழியோ உறிஞ்சு குழியோ தொட்டியோ அமைத்தலாகாது என்றும், மனையெல்லையிலிருந்து 1.2 மீட்டர் விட வேண்டுமென்றும் கேரளக் கட்டட விதிகள் கூறுகின்றன. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 2470 என்னும் நெறிமுறையோ உறிஞ்சு குழிக்கும் குடிநீர் மூலத்துக்கும் இடையே 18 மீட்டர் வேண்டுமென்கிறது. எது சரி? நெறிமுறை விரும்பத்தக்கதைக் கூறுகிறது; விதி, இடநெருக்கடி மிகுந்த மாநிலத்தில் சாத்தியமான குறைந்தபட்சத்தைக் கூறுகிறது. ஐந்து சென்டு என்பது சுமார் 202 சதுர மீட்டர். சதுர மனையானால் பக்கம் 14 மீட்டரைச் சற்றே கடக்கும். மூலைக்கு மூலை 20 மீட்டர். எல்லையில் விட வேண்டியதை விட்டபின் 18 மீட்டர் கிடைப்பது அரிது என்பதை மாணவரும் கணக்கிட்டுக் கூறுவர். நல்ல ஆழமான மண்ணில் 7.5 மீட்டர் பெரும்பாலும் தீங்கு செய்யாது. பாறை வெடிப்பு உள்ள இடத்திலும், கிணறு தாழ்விலும் குழி மேட்டிலும் உள்ள இடத்திலும் அவ்வெண்ணை நம்பியிருத்தல் தகாது. மேலும், நாம் அளக்க வேண்டியது நம் கிணற்றுக்கு மட்டுமன்று. வேலிக்கு அப்பால் உள்ளவரின் குழி நம் கிணற்றுக்கு எவ்வளவு தொலைவு, நம் குழி அவர் கிணற்றுக்கு எவ்வளவு தொலைவு என்ற இரண்டையும் அளக்க வேண்டும். வீடு கைமாறிய மறுமாதமே அண்டை வீட்டாருடன் மனத்தாங்கல் தோன்றுவதற்கு இதனினும் சிறந்த வழி வேறில்லை.

அடுத்தது தொட்டியின் அளவு. ஐந்து பேருக்கு நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், நீரின் ஆழம் 1 மீட்டர் என்பது நெறிமுறையின் சிற்றளவு. கொள்ளளவு 1,125 லிட்டர் ஆகிறது. அகலம் 0.75 மீட்டருக்கோ நீராழம் 1 மீட்டருக்கோ குறைதல் கூடாது. 2,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கு உள்ளே தடுப்புச் சுவர் வேண்டும். காற்றுக் குழாய் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டமுடையதாய், அருகில் வீடிருந்தால் அதன் கூரைக்கும் 2 மீட்டர் மேலே உயர்ந்து, வாயில் கொசுவலை கட்டியதாய் இருத்தல் வேண்டும். வலை கிழிந்த குழாய்வழி புகும் கியூலெக்ஸ் கொசு தொட்டிக்குள்ளே பெருகும். யானைக்கால் நோயைப் பரப்புவது அக்கொசுவே.

இனி மூடியைத் திறந்து பார்த்தல். இதற்குமுன் ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். எக்காரணம் கொண்டும் யாரையும் தொட்டிக்குள் இறக்குதல் கூடாது. கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் நம் முன்னோர் வழக்கம் இங்கே உதவாது. மீத்தேன் தீப்பற்றி வெடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் இல்லையே என்று துணிவதும் ஆபத்து. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கின் மோப்ப உணர்ச்சியே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணியவர் அடுத்த சில மூச்சுகளில் வீழ்ந்துவிடுவார். தக்க காப்புக் கருவிகளின்றித் தொட்டிக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இத்தகைய சாவுகளுக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் என்றிருந்த இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. “நம்ம ஆள் ஒருவன் இருக்கிறான், இறங்கிப் பார்த்துச் சொல்லிவிடுவான்” என்று விற்பவர் கூறினால் வாங்குபவர் உடனே மறுத்துவிட வேண்டும். அறிய வேண்டிய அனைத்தையும் மேலிருந்தே அறியலாம்.

ஆய்வு மூடியை இருவர் சேர்ந்து தூக்கிச் சிறிது நேரம் காற்றாட விட்டு, குனிந்து முகத்தை நுழைக்காமல், பக்கவாட்டில் நின்று கைவிளக்கின் ஒளியால் நோக்குக. நீர்மட்டம் வெளியேறும் குழாயின் அடிவாயோடு சமமாக நின்றால் தொட்டி நலமாயிருக்கிறது. அதற்குத் தாழ்ந்திருந்தால் தொட்டி கசிகிறது, அல்லது அதற்கு அடித்தளமே இல்லை. குழாயை மூழ்கடித்து மேலே நின்றால் உறிஞ்சு குழி நீரை ஏற்கவில்லை. சுவரில் பழைய நீர்க்கறை குழாய்க்கு மேலே ஒரு வரையாகப் படிந்திருப்பின், இன்று தாழ்ந்திருக்கும் நீர் மழைக்காலத்தில் எவ்வளவு உயர்ந்தது என்பதை அதுவே எழுதிக் காட்டுகிறது. நீண்ட கழியின் நுனியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடங்கள் நிறுத்தி எடுத்தால், கறுப்பு ஏறிய உயரம் கசடின் உயரம். கசடும் ஆடையும் சேர்ந்து நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் அகற்றும் காலம் வந்துவிட்டது எனலாம். சுத்தம் செய்தபின் அக்கழியை வேறெதற்கும் பயன்படுத்தாமல் எரித்துவிடுவதும், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் வேண்டும்.

விற்பவர்களில் சிலர் வீடு பார்க்க ஆள் வருவதற்கு முதல் வாரம் தொட்டியைக் காலி செய்து வைக்கின்றனர். சுத்தமாக வைத்திருக்கிறார் என்று நாம் மகிழ்கிறோம். உண்மையில் அன்று எதையும் கண்டறிய முடியாது. 1,125 லிட்டர்த் தொட்டிக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் நீர் வந்தாலும் அது நிரம்ப ஐந்தாறு நாள் ஆகும்; ஆளில்லாப் பூட்டிய வீடாயின் மாதக்கணக்கில் நிரம்பாது. உறிஞ்சு குழி அடைத்துக் கிடந்தாலும் அதுவரை வெளியே தெரியாது. இப்படிப்பட்ட வீட்டில் தொட்டியை நீரால் நிரப்பச் செய்து, பின் மேற்கொண்டு இரண்டு மூன்று குடம் ஊற்றி, அது உறிஞ்சு குழியை அடைந்து மறைகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

மண்ணின் உறிஞ்சு திறனை அளப்பதற்கும் எளிய முறை உண்டு. அதைப் பள்ளி மாணவர்களே செய்துவிடலாம். உறிஞ்சு குழி அமையும் ஆழத்துக்குச் சிறு குழி ஒன்றை, 10 முதல் 30 சென்டிமீட்டர் அகலத்தில் தோண்டி, பக்கங்களைக் கீறிவிட்டு, அடியில் 5 சென்டிமீட்டர் பருமணல் இட வேண்டும். 30 சென்டிமீட்டர் நீர் ஊற்றி இரவு முழுதும் ஊறவிட வேண்டும். மறுநாள் மணலுக்கு மேல் 15 சென்டிமீட்டர் நீர் நிற்கச் செய்து, அரைமணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளந்து, 25 மில்லிமீட்டர் இறங்க ஆகும் நிமிடங்களைக் கணக்கிடுக. 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சு குழி பொருந்தும். 30 முதல் 60 என்றால் நீண்ட பரப்பு வாய்க்கால் வேண்டும். 60ஐக் கடந்தால் அம்மண்ணை நம்பாமல் தனி வடிகட்டும் அமைப்பு வேண்டும். ஓரிரு நிமிடத்திலேயே இறங்கிவிடுவதைக் கண்டு மகிழ வேண்டாம். கீழே பாறை வெடிப்பு இருக்கலாம். மலைச்சரிவின் விளிம்பில் இச்சோதனையைச் செய்தலாகாது.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் பக்கத்தில் வீடு பார்ப்பது பெரும்பாலும் மாசி, பங்குனி, சித்திரையில். அப்போது நிலத்தடி நீர் மிகத் தாழ்ந்திருக்கும். எவ்வளவு மோசமான குழியும் நன்றாகவே வேலை செய்வதாகத் தோன்றும். இடவப்பாதி மழை இறங்கியபின் நிலத்தடி நீர் குழியின் அடிக்கு ஏறிவிடுகிறது. நடுவிலிருந்த வடிகட்டும் மண் நீரில் மூழ்கிவிடுகிறது. சித்தூரின் கிழக்கே துலாவர்ஷத்திலும் இது நேரும். பேரம் கோடையில் முடிந்தாலும், கிணற்று நீர்ப் பரிசோதனையையேனும் மழைக்காலத்தில் ஒரு முறை செய்தல் வேண்டும்.

அதற்கான கருவி நம் நாட்டிலேயே உருவானது. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த மாஞ்சா, மௌர்யா, ராவ் ஆகிய மூவர் 1982இல் வெளியிட்ட முறைப்படி, மருந்து தோய்த்த காகிதம் இட்ட சிறு புட்டியில் நீரை நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் போதும். மலவழி நுண்ணுயிர்கள் இருப்பின் அவை உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்புச் சத்துடன் சேர்ந்து ஒன்றிரண்டு நாளில் நீரைக் கறுக்கச் செய்யும். புட்டி கறுத்தால் கிணற்றுக்கு மலத்தொடர்பு உண்டென்று கொண்டு, மேற்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஒரு ஈ-கோலி நுண்ணுயிரும் காணப்படலாகாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைக் கடத்தலாகாது என்பவை இந்தியக் குடிநீர்த் தரத்தின் வரம்புகள். கேரள நீர் ஆணையத்தின் ஆய்வுக்கூடங்களில் இவற்றை அளந்து தருகின்றனர். ஹரித கேரளம் இயக்கத்தின்கீழ் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றின் வேதியியல் கூடங்களோடு நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இணைக்கப்பட்டிருப்பதால், ஆசிரியர்கள் முதலில் தம் பஞ்சாயத்துக்குரிய பள்ளியில் விசாரிக்கலாம். கழிப்பறையில் சாயம் கரைத்து ஊற்றிக் கிணற்றைப் பார்க்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. சாயம் கிணற்றில் தோன்றினால் ஐயத்துக்கு இடமில்லை; தோன்றாவிட்டாலோ அதனால் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1995இல் திருத்திய சுகாதார விதியின்படி, மலத்தொட்டி உள்ள வீட்டை விற்பதற்குமுன் இரண்டாண்டுக்குள் உரிமம் பெற்ற ஒருவர் அதனைப் பரிசோதித்து அறிக்கை தந்திருக்க வேண்டும். நம்மிடம் அத்தகைய கட்டாயம் இல்லை. எனினும் விற்பனை ஒப்பந்தத்தில், தொட்டியும் உறிஞ்சு குழியும் திறந்து காட்டப்பட வேண்டும், கிணற்று நீரின் ஆய்வு முடிவு வந்தபின்னரே மீதிப் பணம் தரப்படும் என்று இரண்டு வரி சேர்ப்பதை யாரும் தடுப்பதில்லை.

குறை கண்டால் வீட்டைக் கைவிட வேண்டும் என்பதில்லை. வெளிக்குழாயின் டி வடிவ முனை உடைந்திருந்தால் சிறு செலவில் மாற்றிவிடலாம். குளியலறை நீரும் சமையலறை நீரும் மலத்தொட்டியில் விழுந்தால் ஐந்து பேர் வீட்டில் நாளுக்கு 400 லிட்டர் வந்து, தொட்டியில் நீர் மூன்று நாளும் தங்காது. அவற்றைத் திருப்பி வாழைக்கு விட்டால் தொட்டிக்கும் ஓய்வு, வாழைக்கும் நீர். வெறும் குழி ஒன்றே உள்ள வீட்டில், மண் ஆழமாயிருந்தால், மற்றொரு குழியைத் தோண்டி இரட்டைக் குழியாக மாற்றலாம். ஒன்று பயன்பாட்டிலிருக்கையில் மற்றொன்று இரண்டாண்டு மூடிக் கிடந்தால் அதிலுள்ளது நாற்றமற்ற உரமாகிவிடும். அடித்தளமில்லாத் தொட்டிக்கு அடி பூசலாம்; ஆனால் அதைச் செய்யுமுன் இயந்திரத்தால் முழுதும் காலி செய்து, நாட்கணக்கில் காற்றாட விட்டு, காற்றைக் கருவியால் சோதித்தபின் மட்டுமே, முறையாகப் பயின்றவர்களைக் கொண்டு செய்விக்க வேண்டும். அதற்கு வசதியில்லாத இடத்தில் பழையதை மண்ணிட்டு மூடிப் புதுத் தொட்டி கட்டுவதே மேல். அச்செலவை வீட்டு விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும். பாறை வெடிப்பின்மேல் உள்ள குழிக்கும், விதித்த தொலைவுக்குள் கிணறு நிற்கும் ஐந்து சென்டு மனைக்கும் இத்தகைய எளிய பரிகாரம் கிடையாது. அங்கே தொட்டியை மாற்றுவதைக் காட்டிலும் குடிநீரை வேறிடத்திலிருந்து பெறுவது எளிது. பஞ்சாயத்துக் குடிநீர்க் குழாய் அத்தெருவுக்கு வந்திருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் நீர் வருகிறது என்பதை அண்டை வீட்டுப் பெண்களிடம் கேட்டறிந்த பின்னரே அத்தகைய மனைக்கு விலை பேச வேண்டும்.